தோள்மூட்டு மாற்றுச் சிகிச்சையும் உழைப்பாளர் நலனும்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக உழைத்தனர். பூமிக்கடியில் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை நடைபெற்ற அப்பணியில், துளைப்பொறியின் அதிர்வையும் மரச் சட்டங்களின் சுமையையும் தாங்கியவை தொழிலாளரின் தோள்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும், தேய்ந்த மூட்டின் வலிக்கு ஓய்வில்லை. மூட்டு மாற்றுச் சிகிச்சை இத்தகையோருக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

1893இல் பாரிஸ் நகரில் பெயான் என்ற மருத்துவர், காசநோயால் சிதைந்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தினார். ஏறத்தாழ ஈராண்டுகளில் நோய்த்தொற்றால் அதனை அகற்ற நேர்ந்தது. இன்றைய முறைக்கு அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1950களில் அடிகோலினார்.

தேய்ந்த மேற்கை எலும்பின் தலைக்குப் பதிலாக உலோகப் பந்தும், தோள்பட்டைக் குழியில் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தப்படுகின்றன. மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் நலமாக இருந்தால்தான் இம்முறை பயன் தரும். அவை கிழிந்திருப்பின், பந்தும் கிண்ணமும் இடம் மாற்றிப் பொருத்தப்படுகின்றன. பிரான்ஸ் நாட்டின் கிராமோன் 1985இல் உருவாக்கிய இம்முறையில், தோளின் மேற்புறத் தசையே கையை உயர்த்துகிறது.

பெரும்பாலோருக்குக் கிட்டும் முதற்பயன் வலி நீங்குதலாகும். இரவில் உறங்கவும், தலை வாரவும், சட்டை அணியவும் இயலும். பத்தில் ஒன்பது மூட்டுகள் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் மறு அறுவையின்றி நிலைப்பதாகப் பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. எனினும், கடும் சுமை தூக்கும் தொழிலுக்குத் திரும்புதல் பொதுவாக அறிவுறுத்தப்படுவதில்லை. தொற்று, மூட்டு நழுவுதல், பொருத்திய பாகம் தளர்தல் ஆகிய இடர்களும் உண்டு.

அறுவை சில மணி நேரத்தில் முடிகிறது. பயிற்சியோ பல மாதங்கள் நீள்கிறது. முதற்சில வாரங்கள் கை தொட்டிலில் இருக்கும். பின்னர் அசைவும், அதன்பின் வலுவும் படிப்படியாக மீட்கப்படும். தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் அறுவை செய்துகொள்ளலாம். தொட்டிலிட்ட கையுடன் நெரிசல் மிகுந்த ரயிலில் அடிக்கடி பயிற்சிக்குச் சென்று வருதல் முதியவருக்கு எளிதன்று. ஆகவே அறுவைக்கு உதவும் நலத்திட்டங்கள், வட்ட மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சிக்கும் வழிவகை செய்தல் வேண்டும். பயிற்சி இடையில் நின்றால், செலவிட்ட பொருளும் பட்ட துன்பமும் முழுப் பயன் தாரா.