எலியின் காயம் தானாகவும் ஆறும்



குருத்தணுப் பாடம் நடத்தும்போது, "அந்தச் செல்லைக் காயத்தில் செலுத்தினால் அது புதுத் தோலாக மாறிவிடுமா?" என்று மாணவர் கேட்கக்கூடும். பெரும்பாலும் மாறுவதில்லை. செலுத்திய செல்களில் பல சில நாள்களிலேயே மறைந்துவிடும். அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே அருகிலுள்ள செல்களைப் பெருகத் தூண்டுகின்றன, புதிய இரத்தக் குழாய்கள் உருவாக உதவுகின்றன. அப்படியானால் செல்லை விட்டுவிட்டுச் சுரப்பை மட்டும் பூசினால் போதாதா? எலிகளில் சோதிப்பது இதைத்தான்.

தொப்புள்கொடி, கொழுப்புத் திசு போன்றவற்றிலிருந்து பெற்ற குருத்தணுக்களை ஊட்டத் திரவத்தில் ஓரிரு நாள் வளர்த்து, செல்களை நீக்கிவிட்டுத் திரவத்தை எடுத்துக்கொள்வார்கள். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் முடி மழித்து, வட்டமாகச் சிறு காயம் உண்டாக்கி அதில் இடுவார்கள். காயம் ஆறிவிடும்.

ஆனால், ஒன்றும் இடாவிட்டாலும் ஆறும்! எலித்தோலின் அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. அது காயத்தின் ஓரங்களை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். நமக்கோ பெரும்பாலும் புதுத்திசு வளர்ந்து பள்ளம் நிரம்ப வேண்டும், அதன்மேல் தோல் படர வேண்டும். அதனால் பல ஆய்வாளர்கள் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் வைத்துத் தைத்து, சுருங்காமல் தடுக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காயத்தை ஈரமாக வைத்தாலே புதுத்தோல் விரைவாகப் படரும். இதை 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் காட்டினார். ஆகவே இரண்டாவது எலிக் குழுவுக்கு, செல் வளர்க்காத அதே ஊட்டத் திரவத்தை இடவேண்டும். காயத்தின் பரப்பை அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. முளைக்கும் அவரை விதையில் ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைக்கிறோமே, அங்கே தண்ணீரைச் சமமாக ஊற்றச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். அந்த வரியை வகுப்பில் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் பெற்றோர் நம் பள்ளிகளிலும் உண்டு. "ஸ்டெம் செல் சிகிச்சை" என்ற விளம்பரம் அவர்களையும் எட்டுகிறது. ஆய்வில் பெரும்பாலும் இளம் எலி, புதுக் காயம். மருந்து கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகூட, பல ஆண்டு நோயில் நரம்பும் இரத்த ஓட்டமும் கெட்ட பாதத்துக்கு ஈடாகாது. இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்றக் குருத்தணு சிகிச்சைகளை முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே தரக்கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பத்தாம் வகுப்பு மாணவர் இதை வீட்டில் எடுத்துச் சொல்ல முடியும்.