ஹஹாவும் ஒக்காசானும்



அகராதி ஒன்றையே நம்பி அந்நிய மொழியில் கடிதம் எழுதலாமா? நான் எழுதினேன். அதனால் நேர்ந்ததை இன்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் மாலை வகுப்பொன்றில் யப்பானிய மொழி பயின்றேன். எமக்குக் கற்பித்த யப்பானிய அம்மையார் தாயகம் திரும்பிவிட்டார். பின்னர் ஒருநாள், அவருடைய தாயார் காலமானார் என்ற செய்தியைச் சக மாணவர் ஒருவர் கூறினார். அனுதாபக் கடிதத்தை அவருடைய மொழியிலேயே எழுத ஆசைப்பட்டேன்.

கையடக்க அகராதியில் 'தாய்' என்பதற்கு இரு சொற்கள் இருந்தன: 'ஹஹா', 'ஒக்காசான்'. முன்னது சுருக்கமாகவும் இலக்கியத்தரமாகவும் தோன்றிற்று. அதையே எடுத்துக்கொண்டேன். 'என்', 'உங்கள்' என்பவற்றை யப்பானியர் பெரும்பாலும் விட்டுவிடுவர் என்று படித்திருந்தபடியால் நானும் விட்டுவிட்டேன். இறப்புக்கு 'ஷினு' என்ற வினையை இட்டேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. தாமும் அண்மையில் தாயை இழந்தவர் என்றும், என் துயரம் தமக்கு நன்கு விளங்குகிறது என்றும் எனக்கு ஆறுதல் கூறியிருந்தார்! என் அம்மாவோ அவ்வேளை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, பிறரிடம் தன் தாயைப் பற்றிப் பேசுபவர் சொல்வது 'ஹஹா'. கேட்பவருடைய தாயைச் சுட்டுவது 'ஒக்காசான்'. மரியாதை மிகும்போது 'ஒக்காசாமா'. தாயை நேரில் அழைப்பதும் 'ஒக்காசான்' என்றுதான். வீட்டில் அப்படி அழைத்த தாயையே, வெளியாரிடம் பேசும்போது பணிவாக 'ஹஹா' என்பர். 'என்', 'உங்கள்' எதற்கு? யாருடைய தாய் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. 'ஷினு' என்பதோ நாய், பூனைக்கும் பொருந்தும் வெறும் சாவு. துக்கம் விசாரிக்குமிடத்தில் 'நக்குனரு' என்பதே தகும். இல்லாமற் போதல் என்பது அதன் அடிப்படைப் பொருள்.

தாயை இழந்து நிற்பவரிடம், 'என் தாய் உயிருடன் இருக்கிறார்' என்று எப்படி எழுதுவது? இரண்டு இரவுகள் உறக்கமில்லை. ஈற்றில் பிழையை ஒப்புக்கொண்டு, அவருடைய தாய்க்கு 'ஒக்காசாமா', என் தாய்க்கு 'ஹஹா' என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதினேன்.

அவர் கோபிக்கவில்லை. உங்கள் ஒக்காசாமா நலமாயிருப்பது மகிழ்ச்சி, அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

ஒரு சொல்லின் பொருளை அகராதி தரும். யார், யாரிடம், எந்த வேளையில் சொல்வது என்பதை மனிதரிடமே கற்கவேண்டியிருக்கிறது.

இரண்டு கடிதங்களையும் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்றிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பாவம் அந்த மனுசி, தன்ரை தாய்க்கு அழுத கண்ணாலை எனக்கும் அழுதிருக்கு" என்றார்.