ஒளி பாய்ச்சினால் ஸ்டென்ட் அடைக்காதா?



"லைட் அடித்தால் ஸ்டென்ட் அடைக்காதாமே டாக்டர்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டென்ட் என்பது சின்னஞ்சிறு கம்பி வலைக்குழாய். சுருங்கிய இருதய இரத்தக் குழாயை பலூனால் விரித்து, அது மறுபடியும் சுருங்காமல் தாங்குவதற்காக வைக்கிறோம். விரிக்கும்போது குழாயின் உட்சுவரில் காயம் ஏற்படும். தோலில் தழும்பு தடிப்பதுபோல அங்கும் அணுக்கள் பெருகி, வழியைக் குறுக்கலாம். மருந்து பூசாத பழைய ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு இப்படி ஆனது.

இதைத் தடுக்க, 2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் ஒளி சிகிச்சையைச் சோதித்தார்கள். மருந்தை ஊசி வழியாக உடலில் செலுத்துவார்கள். வெளிச்சம் படாதவரை அது வேலை செய்யாது. பிறகு மெல்லிய ஒளியிழையை இரத்தக் குழாய்க்குள் நுழைத்துச் சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து வேலை செய்து, தேவையற்ற அணுக்களை அழிக்கும். இவ்வகை மருந்து தோலையும் பாதிக்கக்கூடும் என்பதால், கொஞ்ச நாள் வெயிலில் போகக்கூடாது. சிங்கப்பூர் வெயிலில் அது லேசான காரியமா?

அது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. 2002, 2003லேயே மருந்து பூசிய ஸ்டென்ட் வந்துவிட்டது. உங்களில் பெரும்பாலோருக்கு இப்போது வைப்பது அதைத்தான்.

ஆனால் ஸ்டென்டுக்குள் திடீரென இரத்தம் உறைவது வேறு ஆபத்து. தழும்பு வளர மாதக்கணக்காகும். இரத்தக்கட்டியோ சில நிமிடங்களில் குழாயை அடைத்து மாரடைப்பை உண்டாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரல் அல்லது டிக்காகிரெலரும் தருகிறோம். முதல் சில மாதங்கள் மிக முக்கியம்.

"நெஞ்சுவலிதான் போய்விட்டதே" என்று நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனால், ஸ்டென்ட் இருப்பதைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்குகிறவர்கள், திரும்பும் நாள்வரைக்கும் போதுமான மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டால், பெட்டி வராத அன்று மாத்திரையும் இருக்காது.

மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்றால், மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள்.