பணம் எங்கே இருக்கிறது?

(கும்பளங்கியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் 35 வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு பத்திரிகையாளர், ஸ்ரீமதி சுசேதா தலால்.

தார்வாடில் புள்ளியியல் படித்து, பம்பாயில் சட்டமும் படித்தவர். 1984இல் முதலீட்டுப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து, பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு வந்தார். 1992 ஏப்ரல் 23 அன்று அவர் எழுதிய செய்திதான் ஹர்ஷத் மேத்தா ஊழலை வெளிக்கொண்டு வந்தது. பேங்குகள் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குவதாகப் பணம் கொடுத்தன. கைக்கு வந்தது வெறும் ரசீது. சில ரசீதுகளுக்குப் பின்னால் பத்திரமே இல்லை. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போயிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: பணம் எங்கே இருக்கிறது?

அந்தச் செய்தியை எங்கள் கிளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவன் நான். அப்படியிருந்தும் 1996இல் என்ன செய்தேன் தெரியுமா? என் அத்திம்பேர் ரிடையர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, "நீ பேங்க்ல இருக்கே, நீ சொன்னா சரிடா" என்றார். 21 சதவீத வட்டி தந்துகொண்டிருந்த ஒரு நிதி நிறுவனத்தைச் சொன்னேன். இவ்வளவு வட்டி கொடுக்க இவர்கள் பணத்தை எங்கே போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டே வருஷத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். அத்திம்பேர் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சுசேதா தலால் ஒரு செய்தியோடு நிற்கவில்லை. 2006இல் பத்மஸ்ரீ பெற்றார். கணவர் தேபாஷிஷ் பாசுவுடன் மணிலைஃப் பத்திரிகையையும், 2010இல் முதலீட்டாளர்களுக்காக ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். இறந்தவர்களின் டெபாசிட், இன்ஷூரன்ஸ், பங்குகள் கேட்பாரற்றுக் கிடப்பது குறித்து சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கும் போட்டார். 2022இல் கோர்ட் நோட்டீஸ் அனுப்பியது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. பத்து வருஷம் தொடாத டெபாசிட் எந்த பேங்கில் இருக்கிறது என்று அதில் தேடலாம். பணத்தை அந்தந்த பேங்கில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அத்திம்பேர் காலமானபோது இந்த வசதி இல்லை. மிச்சமிருந்தது எந்த பேங்கில் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பழைய டயரியை வைத்துக்கொண்டு நானும் அக்காவும் கிளை கிளையாக ஏறி இறங்கினோம். ஆகையால் நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம்.

ஒன்று, டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு பேங்கில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான்; 2020 முதல் இந்த வரம்பு. நிதி நிறுவனத்தில் போடும் பணத்துக்கு அதுவும் கிடையாது.

இரண்டு, 2025 நவம்பர் முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை போடலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான். வாரிசுகளுக்குச் சேர வேண்டியது அவர்களுக்கே. உயிலும் எழுதி வையுங்கள்.

மூன்று, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அகத்துக்காரியிடமும் குழந்தைகளிடமும் காட்டுங்கள். மாமிகளும் கேட்கத் தயங்க வேண்டாம்.

வரும் வழியில் காயலோரம் சீன வலைகளைப் பார்த்திருப்பீர்கள். போட்டது போட்டபடி யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்கிறார்கள். நம் பணத்தையும் வருஷத்துக்கு ஒரு தரமாவது அப்படித் தூக்கிப் பார்க்க வேண்டும். அத்திம்பேருக்கு நான் சொல்லத் தவறியதை உங்களிடம் சொல்லிவிட்டேன்.