எள்ளலின் திசை



நாம் கேலிச்சித்திரம் என வழங்குவதற்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள பெயர், 'பாரம் ஏற்றுதல்' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவரிடம் உள்ள ஓர் இயல்பின்மேல் அளவு மீறிப் பாரம் ஏற்றிக் காட்டுவதே இக்கலையின் வழி.

1831இல் ஒனோரே தோமியே என்னும் ஓவியர், மன்னர் லூயி பிலிப்பைப் பெருவயிற்றுப் பூதமாகக் கல்லச்சில் வரைந்தார். எளிய மக்கள் தந்த காசு, கூடை கூடையாகப் பலகைமேல் ஏறி மன்னர் வாய்க்குள் செல்கிறது. மறு ஆண்டே ஓவியர் சிறைப்பட்டார். 1835இல் சித்திரங்களுக்குத் தணிக்கை வந்தபின், செல்வரையும் வழக்கறிஞரையும் வரைந்து அப்பணியைத் தொடர்ந்தார்.

தமிழில் இக்கலையை இதழியலுக்குக் கொணர்ந்தவர் பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' இதழில் கருத்துப்படங்கள் வெளிவந்தன. 1908இல் அவ்விதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. எனினும், மேட்டுக்குடியினரை அவர் தீட்டிய சிறந்த சித்திரம் சொல்லால் ஆனது. எட்டயபுரம் அரண்மனையில் இருந்தவர் எழுதிய 'சின்னச் சங்கரன் கதை'யில், ஜமீன்தாரின் பெயருக்கு முன் பட்டங்கள் அடுக்கடுக்காய் வருகின்றன. ஓசை பெருகப் பெருகப் பொருள் தேய்கிறது. புகழ்வதற்கென்றே அமைந்த மெய்க்கீர்த்தி நடை, பாரம் மிகுந்து நகைப்பாக மாறுகிறது. தோமியே வயிற்றைப் பெருக்கினார். பாரதியார் பட்டங்களைப் பெருக்கினார்.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். தான் பிறரை எள்ளுதல், தான் பிறரால் எள்ளப்படுதல் என அதனை இரண்டாகப் பகுப்பர் உரையாசிரியர். ஆகவே, எள்ளுவோர் யார், எள்ளப்படுவோர் யார் என வினவுவது நம் மரபுக்குப் புதிதன்று.

அவ்வினா இன்று நம் வகுப்பறைக்கும் உரியது. ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் தொழிலாளர் பேசும் வட்டார வழக்கை நடித்துக் காட்டிச் சிரிக்கும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். அங்கும் ஓர் இயல்பின்மேல் பாரம் ஏற்றப்படுகிறது. ஆயின், ஏற்கெனவே சுமப்பவர் தோளில் அது ஏறுகிறது. அவ்வழக்குகளுள் பழந்தமிழ்ச் சொற்கள் பல உயிரோடிருப்பதை மொழியியல் காட்டும்; அதனை அறியாதார்க்கே அது நகைப்பாகிறது.

மன்னரை வரைந்தவர் சிறை சென்றார். தொழிலாளரைப் பழித்து நடிப்பவர்க்கு எவ்விழப்பும் இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவோமாயின், எள்ளலைத் தடை செய்ய வேண்டியதில்லை. அதன் திசையை அவர்களே தெரிந்துகொள்வர்.