முதுமையிற் பிரிவு

(ரிஷிவந்தியத்தில் நிகழ்ந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அர்த்தநாரீசுவரப் பெருமான் கோயில் கொண்டருளும் இவ்வூரில் கணவன் மனைவியர் பிரிவைப்பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் எம்மை வினவினர். பெருமானுக்குத் தேனாட்டுங்கால் இலிங்கத் திருமேனியில் அம்மையின் உருவம் புலனாகும் என்பதை இவ்வூரார் அனைவரும் அறிவர். அம்மையின் பக்கத்தையும் நோக்கக் கற்பிக்கும் இத்தலத்தைவிட இப்பொருளைப் பேசத் தக்க இடம் பிறிதுண்டோ? ஆதலின் துணிந்து பேசுகின்றோம்.

இளையோரின் மணமுறிவைப்பற்றி யாம் பேச வரவில்லை. அதற்குப் பெற்றோர் உளர், வக்கீல் உளர், மறுமணத்திற்கும் வழியுண்டு. யாம் கூறப் புகுவது, முப்பது நாற்பது ஆண்டு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, மக்களை மணஞ்செய்து கொடுத்து, பேரப்பிள்ளைகளையும் கண்ட பின்னர் பிரிய நேர்வோரைப்பற்றியே. இப்படியும் நடக்குமா என்று வியப்பார் உளர். நடக்கின்றது. நம் சமூகத்துக் குடும்பங்களிலும் நடக்கின்றது. அதை நாம் வேறு பெயரால் அழைக்கின்றோம், அவ்வளவே.

அப்பெயர் யாதெனில், பாகப்பிரிவினை. நிலத்தையும் மாட்டையும் பங்கிட்ட பிள்ளைகள், கடைசியில் பெற்றோரையும் பங்கிடுகின்றனர். தந்தை மூத்தவன் வீட்டில். தாய் இளையவன் வீட்டில். இருவருக்கும் இடையே இரண்டு தெருவோ, இரண்டு ஊரோ. பேரன் காதுகுத்திலும் பொங்கலிலும் அவ்விருவரும் விருந்தினர்போற் கண்டுகொள்வர். விவாகரத்து என்னும் சொல்லைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் நாம், ஒருவரையொருவர் பிரிய விரும்பாத முதியோரைப் பிரித்து வைக்கின்றோம். பிரிய விரும்பும் முதியோரையோ, ஊர் நகைக்கும் என்று அச்சுறுத்திச் சேர்த்து வைக்கின்றோம். இரண்டிலும் அவர்களைக் கேட்பார் இல்லை. அம்மூதாட்டியைக் கேட்பார் அறவே இல்லை.

கேட்கவேண்டும் என்பது புதுக்கொள்கை அன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடினான். (இவள் சிலம்பின் கண்ணகி அல்லள்.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவள்பொருட்டு அவனைப் பாடினர், அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பொன்னும் பொருளும் வேண்டா, நீ அவளிடம் செல்லுதலே யாம் வேண்டும் பரிசில் என்பது அவற்றின் சாரம். இந்நால்வருள் கபிலர் நமக்கு அயலார் அல்லர். அண்மையிலுள்ள திருக்கோவலூரில் பெண்ணையாற்றிடையே அவர் பெயரால் வழங்கும் குன்றினை நம்மிற் காணாதார் சிலரே. ஆயினும் ஈண்டு யாம் எடுத்துக்காட்ட விரும்புவது பரணர் செயலை. அவர் அரசனிடம் பேசுமுன் அவளிடம் பேசினார். அவனுக்கு நீ உறவோ என்று தொழுது வினவினார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவல்லேம் என்று அவள் கூறிய மறுமொழியைப் பாட்டில் வைத்தார். நம் பஞ்சாயத்தார் எத்துணைபேர் அவ்வாறு வினவியுள்ளனர்?

இனி நம் காலத்து வழக்கொன்று. 1963-இல் அமிர்தசரசில் மணம்புரிந்த தம்பதியர். கணவர் விமானப்படை அதிகாரி, மனைவியார் பள்ளி ஆசிரியை. 1984-இல் கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று, மனைவியார் உடன் செல்லவில்லை, பிணக்கு முற்றிற்று. 1996-இல் கணவர் விவாகரத்து வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் வழங்கியது, உயர்நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் முடிவு கூறியபோது அவருக்கு வயது 89, அம்மையாருக்கு 82. முதுமை முழுவதையும் வழக்கே தின்றது எனலாம். மணவாழ்வு மீளாவகை முறிந்தவிடத்து அதனை நீக்கத் தனக்கு அதிகாரமுண்டு என்று அந்நீதிமன்றமே அவ்வாண்டு மே மாதத்திற் கூறியிருந்தும், இவ்வழக்கில் நீக்க மறுத்தது. ஏன்? விவாகரத்தான பெண் என்னும் பெயரோடு சாக விரும்பவில்லை, இன்னும் அவரைப் பேணச் சித்தமாயுள்ளேன் என்று அம்மையார் உரைத்தார்; நீதிபதிகள் அதனை மதித்தனர். இத்தீர்ப்பைப் பழமை என்று பழிப்பாரும் உளர். இன்னொரு மூதாட்டி, இவனிடமிருந்து விடுதலை பெற்றே சாவேன் என்று கூறக்கூடும். அவள் சொல்லும் அதேயளவு மதிக்கத்தக்கது என்பது எம் துணிபு.

இனி, நம் பஞ்சாயத்தார் எழுதிவைக்கும் முச்சலிக்காவைப்பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். கேடெல்லாம் அங்கேதான் விளைகின்றது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949-இல் வந்தது. 1955-இல் நாடு முழுமைக்கும் இந்து விவாகச் சட்டம் ஏற்பட்டது. வழக்காற்றின்படி தீர்த்துவிடும் உரிமையை அச்சட்டம் அழிக்கவில்லை. ஆனால் அவ்வழக்காறு தொன்றுதொட்டு இடையறாது நிகழ்வது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கவேண்டும். மெய்ப்பிக்க இயலாதாயின், இருபதுபேர் கையொப்பமிட்ட தாளாயினும் வெறுந்தாளே. சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் மனைவியே. அது நன்றுதானே என்பீர். கேளுங்கள்: இருவரும் இசைந்து பிரிந்து வாழ்வாராயின், மனைவி குற்றவியல் நடுவரிடம் ஜீவனாம்சம் பெற இயலாது என்பதும் சட்டம். அவள் கைந்நாட்டு வைத்த அதே முச்சலிக்காவைக் கணவன் அங்கே நீட்டுகின்றான். விடுதலையும் இல்லை, சோறும் இல்லை!

முறைப்படி பெறும் விவாகரத்திலும் இழப்புண்டு. விவாகரத்தானவள் கணவன் சொத்தில் வாரிசாகாள். அவன் அரசுப்பணியிலிருந்தவனாயின் குடும்ப ஓய்வூதியமும் அவளுக்கில்லை. அறுபது வயதினளுக்கு இது சிறிய இழப்பன்று. ஆதலின், மறுமணத்தை எண்ணாத முதியோர்க்கு வேறு வழிகளையும் எடுத்துரைத்தல் நம் கடமை. மணம் நீங்காமலே தனித்துறைய நீதிமன்றம் ஆணையிடும் நீதிமுறைப் பிரிவு ஒன்று. கணவனின் கொடுமையாலோ புறக்கணிப்பாலோ பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெற 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை மற்றொன்று. இருவரும் மனமொப்பி விடுதலையே வேண்டினால், 1976-இல் அதற்கும் வழி வகுக்கப்பட்டது. ஓராண்டு தனித்து வாழ்ந்தபின் மனுச்செய்யலாம். அதன்பின் ஆறுமாதம் பொறுத்திருக்கவேண்டும் என்ற விதியையும் தக்க இடத்தில் தளர்த்தலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எவ்வழியாயினும், அவள் சாந்துணையும் குடியிருக்க ஒரு வீடோ அறையோ ஒதுக்கி, பத்திரம் பதிவு செய்த பின்னரே மனுவிற் கையொப்பமிடச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்த தாய்மார் பலர். நகை எவ்வளவு, எவர் கையில் உள்ளது என்பதும் எழுத்தில் வரட்டும்.

பிள்ளைகளால் பிரிக்கப்பட்டோர்க்கு விவாகரத்துச் சட்டம் பயன்படாது. அவர்க்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக்கொடுத்தால், திங்கள்தோறும் ரூபாய் 10,000 வரையில் பிள்ளைகள் தரும்படி ஆணையிடலாம். அப்பணத்தைக்கொண்டு தாயும் தந்தையும் தம் பழைய வீட்டிலேயே ஒருங்கு வாழட்டுமே!

வழக்காடப் பணமேது என்று தாய்மார் அஞ்சவேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்டிர்க்கு வக்கீல் உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தாற் போதும். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுக்க நம் சங்கத்து இளைஞர் இருவரை இன்றே நியமிக்குமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம்.