அரசர் போன பிறகு



எங்கள் ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் உறங்காப்புளி என்றொரு மரம் நிற்கிறது. நம்மாழ்வார் அதன் அடியில் பதினாறு ஆண்டு இருந்தார் என்பது ஊரின் நம்பிக்கை. அவருடைய திருவாய்மொழியில் நான்காம் பத்தின் முதல் திருமொழி, அரசச் செல்வம் நிலையாது என்பதைப் பேசுகிறது. உலகத்தையே ஆண்டவர்கள் எல்லாம் இழந்து பிச்சைக்குப் போவதையும், நாய் அவர்கள் காலைக் கவ்வுவதையும் ஆழ்வார் காட்டுகிறார். சின்ன வயதில் அதைச் சேவிக்கக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முடிமன்னர்கள் இருந்த காலத்திலேயே ஒருவர் இப்படிப் பாடியிருக்கிறாரே!

ஆழ்வார் அதைச் சொன்னது, திருமாலைப் பற்றிக்கொள் என்பதற்காக. அரசனைக் குடிமக்களே இறக்கலாம், இறக்கியபின் அவன் நிலம் யாருக்கு என்றும் கேட்கலாம் என்பது வேறொரு நினைப்பு. 1789-ல் பிரான்சில் அது தீயாகப் பற்றியது.

பாஸ்டில் சிறையைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் கோடையில் கிராமங்களில் நடந்தது. குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைக்குள் புகுந்தார்கள். யார் எவ்வளவு அளக்க வேண்டும், என்னென்ன வரி கட்ட வேண்டும் என்று எழுதியிருந்த கணக்கேடுகளைத் தேடிப்பிடித்து எரித்தார்கள். அந்த நெருப்புக்குப் பயந்துதான் ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. அதிலும் ஒரு பிடி வைத்தார்கள்: நிலத்தின் மேலிருந்த பல பாத்தியதைகளைக் குடியானவர் பணம் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். நான்கு வருஷம் விடாமல் நின்றார்கள். 1793 ஜூலையில் ஒரு காசு ஈடில்லாமல் அவை ஒழிந்தன. பிறகு நெப்போலியன் முடிசூட்டிக்கொண்டார். 1814-ல் பழைய அரச வம்சமே திரும்பி வந்தது. பழைய பாத்தியதை திரும்பி வரவில்லை. புரட்சிக் காலத்தில் விற்ற நிலம் வாங்கியவர் கையிலேயே நின்றது.

அந்தத் தீயின் பொறி நம் கரிசல் காட்டிலும் விழுந்தது. எட்டயபுரம் அரண்மனையில் வேலை பார்த்த பாரதி, அதை விட்டு வெளியேறி, சென்னையில் 1906-ல் தொடங்கிய 'இந்தியா' இதழை நடத்தினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களும் அந்த இதழின் கொள்கை. 1908-ல் கைது நெருங்கியபோது அவர் போய்ச் சேர்ந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி. 1917-ல் ரஷ்யாவில் ஜார் வீழ்ந்த செய்தி கேட்டு அங்கிருந்துதான் பாடினார். ஜமீன் நிழலில் வளர்ந்தவருக்குத்தான் அந்த மகிழ்ச்சியின் ஆழம் தெரியும்.

நம் பக்கத்து ஜமீன்கள் எப்படி வந்தன? கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, தனக்கு அடங்கிய பாளையக்காரர்களை ஜமீன்தார்கள் ஆக்கியது. 1802-ன் நிரந்தர நிலவரித் திட்டம் அதற்கு வழி செய்தது. வருஷம் தவறாமல் பேஷ்குஷ் என்ற கப்பத்தைக் கட்டிவிட வேண்டும். குடிகளிடம் தண்டுவது அவர்கள் பாடு.

இங்கே மாளிகை எதுவும் எரியவில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தாருக்கு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது, அவருடைய சொந்தப் பண்ணை நிலத்தையும் விட்டுவைத்தது. ரயத்துக்குப் பட்டா கிடைத்தது. ரத்தம் சிந்தாமல் நடந்ததில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. ஆனால் ரயத்து என்றால் கணக்கில் பேர் இருந்தவர். அவர் வயலில் நாற்று நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் பட்டா இல்லை. பண்ணையாரைக் கண்டதும் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அந்தத் துண்டு தோளுக்கு ஏற வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன.

நம் ஆற்றோடு மேலே போய்ப் பாருங்கள். தாமிரபரணியில் கலக்கும் மணிமுத்தாறு புறப்படுகிற மலை, சிங்கம்பட்டி ஜமீனுடையதாக இருந்தது. 1929-ல் ஜமீன் அந்தக் காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படி எழுந்தவை. ஜமீன் ஒழிந்தது, மலை அரசாங்கத்துக்கு வந்தது, குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் அரச உடையில் வீற்றிருப்பார். 2020-ல் அவர் காலமானார். ஜனங்கள் அவரை அன்போடுதான் வணங்கினார்கள், அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். என் மனம் போவது தேயிலை பறித்தவர்களிடம். 1999 ஜூலை 23-ல் அவர்களுக்காகக் கோரிக்கையோடு திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியின்போது இதே ஆற்றிலும் கரையிலும் 17 பேர் உயிர் போயிற்று. அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. 2024-ல் விருப்ப ஓய்வு கொடுத்து மிச்சமிருந்தவர்களை மலையிறங்கச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலத்துக்கும் பட்டா இல்லை. ஜமீன் எழுதிக்கொடுத்த 99 வருஷம் 2028-ல் முடிகிறது.